1861-இல் விலைபோகாத 'பனிப்பாறைகள்' 1979-இல் சாதனை படைத்தது எப்படி?

1979 அக்டோபர் 25 அன்று நியூயார்க்கில் சதபி பார்க் பெர்னெட் ஏலக்கூடத்தில் ஒரு நிலக்காட்சி ஓவியம் ஏலத்துக்கு வந்தது. ஏலம் நான்கு நிமிடம்கூட நீடிக்கவில்லை. சுத்தியல் இறங்கியபோது விலை 25 லட்சம் டாலர். அதற்கு முன் எந்த அமெரிக்க ஓவியமும் ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தொட்டதில்லை. வரைந்தவர் ஃபிரெடரிக் எட்வின் சர்ச், ஓவியத்தின் பெயர் 'பனிப்பாறைகள்'. 5 அடி 4½ அங்குல உயரம், 9 அடி 4½ அங்குல அகலம் கொண்ட கான்வாஸ் அது. 1861-இல் ஓவியர் அதைச் சொந்த நாட்டில் காட்சிக்கு வைத்தபோது வாங்க யாரும் வரவில்லை.

இடைப்பட்ட 118 ஆண்டுகளில் அந்தக் கான்வாஸில் சேர்ந்தது ஒரே ஒரு முறிந்த பாய்மரம்தான். அதையும் ஓவியரே சேர்த்தார். மற்ற மாற்றமெல்லாம் ஓவியத்துக்கு வெளியே நடந்தது. ஏல விலை எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

சர்ச் 1826-இல் கனெடிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். 18 வயதில் ஹட்சன் ஆற்றங்கரையின் கேட்ஸ்கில் ஊருக்குப் போய் தாமஸ் கோலிடம் சீடராகச் சேர்ந்து, 1844 முதல் 1846 வரை பயின்றார். 'ஹட்சன் ஆற்றுப் பள்ளி' என்று பின்னாளில் அழைக்கப்பட்ட அமெரிக்க நிலக்காட்சி ஓவிய மரபைத் தொடங்கிவைத்தவர் கோல். குரு நிலக்காட்சியில் உவமைக் கதைகளைத் தேடினார். சீடனுக்குப் பாறையின் அடுக்கும் மேகத்தின் வகையும் இலையின் விளிம்புமே போதுமாயிருந்தன. ஜெர்மானிய அறிவியலாளர் அலெக்சாண்டர் ஃபொன் ஹும்போல்ட் தன் 'காஸ்மோஸ்' நூலில், வெப்பமண்டல மலைகளுக்கு ஓவியர்கள் நேரில் போய் வரைய வேண்டும் என்று எழுதியிருந்தார். சர்ச் அதைத் தனக்கு வந்த அழைப்பாகவே எடுத்துக்கொண்டார். ஹும்போல்ட் நடந்த தடத்தில் 1853-இல் கொலம்பியாவுக்கும் ஈக்வடாருக்கும் போனார், 1857-இல் மறுபடியும் ஈக்வடாருக்குப் போனார்.

அந்தப் பயணங்களின் விளைச்சல் 1859-இல் வந்த 'ஆண்டீஸின் இதயம்'. ஏறத்தாழ 5½ அடிக்கு 10 அடி. சர்ச் அதை எப்படிக் காட்சிப்படுத்தினார் என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் 'பனிப்பாறைகள்' தடுமாறியதும் இதே முறையில்தான். நியூயார்க்கின் பத்தாம் தெரு ஸ்டுடியோ கட்டடத்தில் அந்த ஓர் ஓவியம் மட்டுமே இருந்த அறை. ஜன்னல்போல் அமைந்த பெரிய கருமரச் சட்டகம், இருபுறமும் திரை, ஒளி ஓவியத்தின்மேல் மட்டும் விழும் ஏற்பாடு. நுழைவுக் கட்டணம் 25 சென்ட். ஒவ்வொரு இலையையும் தனித்தனியாகப் பார்க்க, நாடகக் கொட்டகையில் பயன்படும் சிறு தொலைநோக்கியைக் கொண்டுவந்தார்கள். மூன்று வாரத்தில் 12,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். நுழைவுச் சீட்டிலேயே ஏறக்குறைய 3,000 டாலர் சேர்ந்தது. ஓவியத்தை வில்லியம் பிளாட்ஜெட் 10,000 டாலருக்கு வாங்கினார். உயிரோடிருந்த அமெரிக்க ஓவியர் ஒருவருக்கு அதுவரை கிடைக்காத தொகை அது. இப்போது அந்த ஓவியம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை பெர்லினுக்கு அனுப்பி ஹும்போல்டிடம் காட்ட சர்ச் திட்டமிட்டிருந்தார். ஆனால் அதே 1859 மே மாதம் ஹும்போல்ட் இறந்துபோனார்.

வரும்படிக்கு மூன்றாவது ஊற்றும் இருந்தது, அச்சுப்படி. 1857-இல் சர்ச் வரைந்த 'நயாகரா'வை ஒரு கலை வணிக நிறுவனம் 4,500 டாலருக்கு வாங்கியது. அதில் ஓவியத்துக்கு 2,500, படியெடுக்கும் உரிமைக்கு 2,000. அருவியின் விளிம்பிலேயே நிற்பதுபோன்ற ஏழரை அடி அகல ஓவியத்துக்கும், அதன் படத்தை வீட்டுக் கூடத்தில் மாட்ட விரும்பிய ஆயிரக்கணக்கானவர்களுக்கு விற்கும் உரிமைக்கும் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். காட்சிக் கட்டணம், அச்சுப்படி, கடைசியில் அசலின் விற்பனை. இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும் தொழில் அது. கூட்டம் வராவிட்டால் அச்சுக்கு முன்பதிவு வராது, பேச்சு எழாது, வாங்குபவரும் வரமாட்டார்.

'ஆண்டீஸின் இதயம்' பரபரப்பாகப் பேசப்பட்ட அதே கோடையில் சர்ச் வடக்கே கிளம்பினார். துணைக்கு லூயிஸ் லெக்ராண்ட் நோபிள் என்ற பாதிரியார். பின்னால் இந்தப் பயணத்தை ஒரு நூலாக எழுதியவர் இவர்தான். பாஸ்டனிலிருந்து ஹாலிஃபாக்ஸ் வழியாக நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் சேர்ந்தார்கள். அங்கே 'இன்டெக்ரிட்டி' என்ற பாய்மரக் கப்பலை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு லேப்ரடார் கரையோரம் போனார்கள். பனிப்பாறைக்குப் பக்கத்தில் போக வேண்டுமானால் சிறு துடுப்புப் படகில் இறங்க வேண்டும். பனிப்பாறை எந்த நேரமும் உடையலாம், புரளலாம். படகு ஆடிக்கொண்டே இருக்கும். சர்ச் கடல் குமட்டலோடு போராடிக்கொண்டே வரைந்தார்.

அங்கே அவர் செய்தது இரண்டு வகை வேலை. ஒன்று, பென்சில் கோட்டோவியம். வடிவத்தைச் சட்டென்று பிடித்து, ஓரத்தில் நிறத்தையும் ஒளியின் திசையையும் குறித்துவைப்பது. இன்னொன்று, அட்டையில் எண்ணெய் வண்ண ஸ்கெட்ச். பெரும்பாலும் ஒரு முழத்துக்கு உட்பட்ட அளவுதான். எண்ணெய் வண்ணம் நாள்கணக்கில் காயும் என்பதால், ஈரத்தின்மேல் ஈரமாகவே ஒரே அமர்வில் முடிக்க வேண்டும். தயங்கினால் வெள்ளையும் நீலமும் ஒன்றாகக் குழம்பிச் சாம்பலாகிவிடும். பனியில் அந்தப் பிழையை மறைக்க வழியில்லை. இந்த ஸ்கெட்ச்கள் பலவும் இன்று நியூயார்க்கின் கூப்பர் ஹெவிட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சர்ச்சின் மகன் 1917-இல் கொடுத்த, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள் கொண்ட பெருந்தொகுப்பின் பகுதி அவை. பெரிய ஓவியத்தைப் புரிந்துகொள்ள விரும்பும் எவரும் முதலில் இவற்றைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். எது நேரில் கண்டது, எது ஸ்டுடியோவில் கட்டியது என்று பிரித்தறிய வேறு குறுக்குவழி இல்லை.

'பனிப்பாறைகள்' 1860-61 குளிர்காலத்தில் ஸ்டுடியோவில் உருவானது. ஒரே பனிப்பாறையின் உருவப்படம் அல்ல அது, பல ஸ்கெட்ச்களிலிருந்து கோத்த காட்சி. ஆனாலும் பனியின் இயல்பு ஒவ்வொன்றும் அதில் சரியாக இருக்கிறது. பனியாற்றுப் பனி வெண்மையாகத் தெரிவதற்குக் காரணம் உள்ளே சிக்கிய காற்றுக் குமிழ்கள். அவை எல்லா நிற ஒளியையும் சிதறடிக்கின்றன. விரிசலில் உருகிய நீர் குமிழில்லாமல் மறுபடி உறைந்தால், அந்த நரம்பு ஆழ்ந்த நீலமாகத் தெரியும். பனி சிவப்பு ஒளியை உறிஞ்சிவிட்டு நீலத்தை விடுவதே அதற்குக் காரணம். சர்ச்சின் ஓவியத்தில் வெள்ளைச் சுவரின் குறுக்கே ஓடும் நீலக் கீற்றுகள் இவைதான். வலப்புறக் குகையில் நீர் மரகதப் பச்சையாக மிளிர்கிறது.

பனிப்பாறையின் உடம்பில் ஓடும் கிடைக்கோடுகளையும் கவனியுங்கள். அலை அரித்த இடத்தில் பள்ளக்கோடு விழும். பனிப்பாறையில் பத்தில் ஒரு பங்கு அளவே நீருக்கு மேலே இருப்பதால், எங்காவது ஒரு துண்டு உடைந்து விழுந்தால் சமநிலை மாறி மொத்தமும் சாயும். பழைய நீர்க்கோடு சரிந்து மேலே ஏறிவிட, புதியது கீழே விழும். ஓவியத்தில் வெவ்வேறு கோணத்தில் பல கோடுகள் இருக்கின்றன. அந்தப் பனிப்பாறை எத்தனை முறை புரண்டிருக்கிறது என்ற வரலாறு அது. வலப்பக்கம் பனிமேல் உட்கார்ந்திருக்கும் செம்பழுப்புப் பாறாங்கல்லும் அலங்காரத்துக்காக வைத்ததல்ல. பனியாறு நிலத்தில் பெயர்த்தெடுத்துக் கடல்வரை சுமந்துவந்த கல் அது. வடக்கு நிலங்களில் சம்பந்தமில்லாத இடத்தில் கிடக்கும் பாறைகள் எப்படி வந்தன என்று அக்காலப் புவியியலாளர்கள் கடுமையாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். சர்ச் அந்த விவாதத்தை அறிந்தவர்.

1861 ஏப்ரல் 24 அன்று நியூயார்க்கின் கூபில் காட்சிக்கூடத்தில் ஓவியம் திறக்கப்பட்டது. சம்டர் கோட்டைமேல் குண்டு விழுந்து அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிப் பன்னிரண்டே நாள் ஆகியிருந்தது. சர்ச் ஓவியத்துக்கு வைத்த பெயர் 'வடக்கு'. போரில் ஒரு தரப்பின் பெயரே அதுதான். நுழைவுக் கட்டணத்தைப் படைவீரர் குடும்பங்களுக்கான நிதிக்குக் கொடுத்தார். மக்கள் பார்த்தார்கள், பத்திரிகைகள் பாராட்டின. ஆனால் விற்கவில்லை. அடுத்த ஆண்டு பாஸ்டனிலும் விற்கவில்லை.

போரை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது. ஓவியத்துக்குள்ளும் ஒரு சிக்கல் இருந்தது. 'ஆண்டீஸின் இதய'த்தில் பாதை உண்டு, சிலுவை உண்டு, அதன் முன்னே இரண்டு சிறு மனிதர்கள் உண்டு. பார்ப்பவரின் கண் பிடித்துக்கொள்ளவும் அளவை ஒப்பிடவும் அவை உதவும். 'வடக்கில்' மனிதத் தடமே இல்லை. நாம் நிற்பதும் பனிமேல்தான். எதிரே இருக்கும் சுவர் முப்பது அடியா முந்நூறு அடியா என்று சொல்ல எதுவும் இல்லை. எப்படிப் பார்க்க வேண்டும் என்று சர்ச் விளக்கத் தாள் அச்சிட வேண்டியிருந்ததே இதற்குச் சான்று.

லண்டனுக்கு அனுப்புமுன் அவர் இரண்டு மாற்றம் செய்தார். முன்புறத்தில் உடைந்த பாய்மரத்தை வரைந்தார். கிடக்கும் விதத்தில் அது சிலுவைபோலத் தெரிகிறது. பெயரைப் 'பனிப்பாறைகள்' என்று மாற்றினார். பாய்மரம் அளவைத் தந்தது, அதோடு ஒரு கதையையும் தந்தது. 1845-இல் இரு கப்பல்களோடு ஆர்க்டிக் கடலில் வடமேற்குக் கடல்வழி தேடிப்போய் 129 பேரோடு மறைந்த ஜான் ஃபிராங்க்ளினின் துயரம் இங்கிலாந்தில் ஆறாத புண். 1863-இல் லண்டன் காட்சியின் தொடக்க விருந்தினர்களில் ஃபிராங்க்ளினின் மனைவியும், அவர்களைத் தேடிப்போன மெக்ளின்டாக்கும் ஜான் ரேயும் இருந்தார்கள். பெயர் மாற்றத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் அரசியல் சார்ந்தது. தென் மாநிலப் பருத்தியை நம்பியிருந்த இங்கிலாந்தில் 'வடக்கு' என்ற பெயர் வாங்குபவரை விரட்டியிருக்கும். (தெற்கின் பருத்தி நின்றுபோன அதே ஆண்டுகளில்தான் திருநெல்வேலிப் பருத்திக்கு லங்காஷயர் ஆலைகளில் கிராக்கி ஏறியது.)

வாங்கியவர் அந்தப் பருத்தி நகரமான மான்செஸ்டரைச் சேர்ந்த எட்வர்ட் வாட்கின். ரயில்வே அதிபர், நாடாளுமன்ற உறுப்பினர், கனடாவின் கிராண்ட் ட்ரங்க் ரயில்வேக்கும் தலைமை வகித்தவர். நார்தென்டனில் இருந்த அவருடைய 'ரோஸ் ஹில்' வீட்டுக்கு ஓவியம் போய்ச் சேர்ந்தது. வாட்கின் 1901-இல் இறந்தார். வீடு கைமாறி, பின்னர் உள்ளாட்சி அமைப்பு நடத்திய சிறுவர் காப்பில்லமாயிற்று. ஓவியம் மாடிப்படிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. சிறுவர்கள் அதைத் தாண்டி ஏறி இறங்கினார்கள். அமெரிக்க ஆய்வாளர்களின் பட்டியலில் அது 'காணவில்லை'.

அமெரிக்காவில் சர்ச்சின் பெயரும் அதே வேகத்தில் மங்கியது. 1865 மார்ச்சில் தொண்டை அடைப்பான் நோய்க்கு இரு குழந்தைகளை ஒரே மாதத்தில் பறிகொடுத்தார். 1870 முதல் ஹட்சன் ஆற்றின்மேல் ஒரு குன்றில் 'ஒலானா' என்ற, மேற்காசியப் பாணி மாளிகையைக் கட்டுவதில் மூழ்கினார். 1870களின் நடுப்பகுதியில் மூட்டுவாதம் வலது கையைப் பிடித்தது. இடது கையால் வரையப் பழகினாலும் பெரிய கான்வாஸ் முடியவில்லை. ரசனையும் பிரான்சுப் பக்கம் திரும்பியது. பார்பிசான் ஓவியர்களின் மங்கிய புல்வெளியும், பிறகு இம்ப்ரஷனிஸ்ட்களின் தெறித்த தூரிகையும் வந்தபின், தூரிகைத் தடமே தெரியாத நுணுக்கம் பழம்பாணியாகிவிட்டது. 1900 ஏப்ரலில் சர்ச் இறந்தார். அதே ஆண்டு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் நினைவுக் கண்காட்சி வைத்தது. அதோடு அறுபது ஆண்டு மௌனம்.

விலை ஏறத் தொடங்கியது ஏலக்கூடத்தில் அல்ல, ஆய்வறையில். டேவிட் ஹன்டிங்டன் என்ற கலை வரலாற்றாசிரியர் சர்ச்சைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தார். ஒலானாவில் சர்ச்சின் மருமகள் எதையும் கலைக்காமல் வைத்திருந்தார். 1964-இல் அவர் மறைந்ததும் மாளிகையும் பொருள்களும் ஏலத்துக்குப் போகும் நிலை. ஹன்டிங்டன் முன்னின்ற இயக்கத்தின் பலனாக 1966-இல் நியூயார்க் மாநிலம் அதை வாங்கிக் காத்தது. அதே ஆண்டில் அவருடைய நூலும் வாஷிங்டனில் ஒரு கண்காட்சியும் வந்தன. 1976-இல் நாட்டின் இருநூறாவது ஆண்டு விழா, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கலைமேல் பணத்தையும் பெருமையையும் திருப்பியது. அதற்குள் சர்ச்சின் பெரிய ஓவியங்கள் அருங்காட்சியகங்களுக்குள் போய்விட்டன. சந்தைக்கு வரக்கூடிய மிகப் பெரிய படைப்புகளில் தலையாயது எங்கே என்று தெரியவில்லை. 1979-இல் மான்செஸ்டரில் அது கண்டெடுக்கப்பட்டபோது, வாங்கும் ஆட்கள் ஏற்கெனவே காத்திருந்தார்கள்.

ஏலத்தில் இப்படி ஒரு பொருளுக்கு எது வலு சேர்க்கிறது? முதலில் உரிமைச் சங்கிலி. ஸ்டுடியோ, வாட்கின், அதே வீடு. இடையில் வணிகர் கையில் சுற்றவில்லை. பத்து இடத்தில் காட்டி விலைபோகாத ஓவியத்தை வாங்குபவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாதது அதற்கு நேர் எதிர்.

அடுத்தது உடல்நிலை. நிலக்காட்சி ஓவியத்தில் அதிகம் அடிபடுவது வானம். சர்ச்சின் வகை ஓவியத்தில் வெளிர்ந்த அடித்தளத்தின்மேல் மெல்லிய வண்ணப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். பழைய பிசின் வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகும். நீல நிழல் பச்சையாகவும், வெண்பனி தேன் நிறமாகவும் தெரியும். அதை நீக்க வலுவான கரைப்பானைத் தேய்த்தால் வார்னிஷோடு மேல்படலமும் போய்விடும். வானம் திட்டுத்திட்டாக வெளுத்துவிடும், திரும்பாது. கிழிந்த அல்லது தளர்ந்த கான்வாஸின் பின்னால் இன்னொரு துணியை ஒட்டுவது அந்தக் காலத்தில் வழக்கம். சூடும் அழுத்தமும் மிகுந்தால் வண்ண மேடுகள் தட்டையாகும், துணியின் நெசவு முன்பக்கம் எழும்பும். இதனால்தான் 'பழுதுபார்க்கப்பட்டது' என்பதைவிட 'தொடப்படாதது' என்ற சொல்லுக்கு விலை அதிகம்.

வாங்குபவரின் நிபுணர் முதலில் இருட்டறையில் புறஊதா விளக்கைப் பிடிப்பார். பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும். அதன்மேல் பின்னால் பூசிய திருத்தங்கள் கருந்திட்டாகத் தெரியும். பிறகு பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒளியடித்துப் பார்ப்பார். உரியும் வண்ணம், பள்ளம், மேடு எல்லாம் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். கடைசியில் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். கட்டை, ஆணி, ஒட்டுச்சீட்டு, வண்ணக் கடை முத்திரை எல்லாம் அங்கேதான்.

எண்களைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். பட்டியலில் அச்சாவது கீழ்-மேல் மதிப்பீடு. விற்பவர் இதற்குக் கீழே தரமாட்டேன் என்று ரகசியமாக வைக்கும் அடிவிலை வழக்கமாகக் கீழ் மதிப்பீட்டைத் தாண்டாது. கேட்பு அதை எட்டாவிட்டால் பொருள் திரும்பிப்போகும், அதன் பெயரும் கெடும். மதிப்பீட்டைப் பேராசையோடு ஏற்றிவைப்பது விற்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. மிதமான மதிப்பீடு நான்கு பேரை உள்ளே இழுக்கும், விலையை ஏற்றுவது அவர்களின் போட்டிதான். சுத்தியல் விலைக்கு மேல் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தனிக் கட்டணம் கொடுக்க வேண்டும். இந்நாளில் அது கால் பங்கு அளவுக்கும் போகும். செய்தியில் வரும் தொகை இந்தக் கட்டணம் சேர்த்ததா சேர்க்காததா என்று பார்க்காமல் இரண்டு 'சாதனை'களை ஒப்பிடுவதில் பொருளில்லை.

9 அடிக்கு மேல் அகலமுள்ள ஓவியத்தை வீட்டில் மாட்டச் சுவர் கிடைப்பது அரிது. அதனால் போட்டியிடுபவர்கள் குறைவு, இருப்பவர்கள் அருங்காட்சியகத்தை மனத்தில் வைத்தே கேட்பார்கள். 'பனிப்பாறைகள்' விஷயத்திலும் அதுவே நடந்தது. பெயர் சொல்லாமல் வாங்கியவர்கள் அதை அதே ஆண்டில் டெக்சஸின் டல்லஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். அவர்கள் லாமார் ஹன்ட், நார்மா ஹன்ட் தம்பதி என்பது பல ஆண்டுகள் கழித்தே வெளியே சொல்லப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1989-இல், சர்ச் 26 வயதில் வரைந்த 'ஏரிக்கரை வீடு' என்ற அளவில் சிறிய ஓவியம் சதபியில் 82.5 லட்சம் டாலருக்குப் போனது. இளவயதுப் படைப்பு, அமைதியான பொருள், வீட்டுச் சுவருக்கு ஏற்ற அளவு. ஆனாலும் விலை 'பனிப்பாறைகளை'ப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி, 1979-இல் அந்தச் சில நிமிடங்கள் சர்ச்சின் பெயருக்கு வைத்த புதிய அடித்தளத்திலிருந்து வந்ததுதான்.